டாங்கியின் முதுகு

கடுகைவிடச் சிறிய ஆணித்தலை ஒன்றை இடுக்கியால் எடுத்து, பசையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார் பல்லுக்காரர். பல் செட் செய்து பழகிய கை; நடுங்காது. கடைவாய்ப் பல்லின் குழிகளை மெழுகில் செதுக்குகிற அதே கருவிதான் இப்போது ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் டாங்கியின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

டாங்கி அண்ணனுக்கு. இளவயதில் பட்டாளத்தில் அந்த வகைப் பீரங்கி வண்டியை ஓட்டியவர் அவர். பார்வை முழுதாகப் போனதும் கட்டிலைவிட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார். காலுக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் படுத்துக்கொண்டது. பழைய வண்டி கைக்குக் கிடைத்தால் எழுந்து உட்காருவாரோ என்று தம்பிக்கு ஒரு நப்பாசை. ஆனால் கண்ணை ஏமாற்றுவதுபோல விரலை ஏமாற்ற முடியாது. ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

முன்பக்கம் மளமளவென்று முடிந்தது. பின்பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டார். தேடிப் பிடித்த படங்களில் எல்லாம் ஆட்கள் பீரங்கிக் குழாய்க்கு முன்னால் நின்று சிரித்தார்கள். பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது; வண்டியின் முதுகுதான் ஒன்றிலும் இல்லை. கனவிலும் அதே கதை. மூடுபனிக்குள் டாங்கி நிற்கும். இவர் சுற்றி வருவார்; அதுவும் சத்தமில்லாமல் கூடவே திரும்பும். நிலா என்றைக்காவது முதுகைக் காட்டியிருக்கிறதா?

"ஊர்ல பாதி வாய் பல்லில்லாம காத்துக் கெடக்கு. நீங்க இதுக்குப் பல்லு கட்டிக்கிட்டிருக்கீங்க தம்பி" என்றாள் அண்ணி.

பூங்காவில் அதே வகை டாங்கி ஒன்று காட்சிக்கு நின்றது, முதுகைச் சுவரில் சாத்தாத குறையாக. மழை விட்ட ஒரு மதியம், வயிற்றை எக்கிக்கொண்டு அந்த இடுக்கில் நுழைந்தார். உள்ளே பச்சை வெளிச்சம். பாசி மணம். இலைகளிலிருந்து சொட்டும் நீர் இரும்பில் விழுந்து, யாரோ தூக்கத்தில் முனகுவதுபோலக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ.

"உள்ள என்ன சார் பண்றீங்க?" என்று காவலாளி எட்டிப் பார்த்தார்.

"அளவு எடுக்கிறேன்."

"சட்டை தைக்கவா?"

எஞ்சின் மூடியின் ஓரத்தில், கீலும் கொண்டியுமாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. எந்தப் படத்திலும் இல்லாத பெட்டி! புதையல் கிடைத்தவர்போல வீட்டுக்கு வந்து, கீலைக்கூட விடாமல் செய்து ஒட்டினார்.

மாலையில் டாங்கியை அண்ணன் மடியில் வைத்தார். விரல்கள் குழாயைத் தடவின. மேல்மூடியைத் தேடிக் கண்டுபிடித்தன. முகம் லேசாக இளகியது. பின்னால் போன விரல் பெட்டியில் இடித்து நின்றது.

"இது என்னடா?"

"பெட்டிண்ணா. பூங்கா வண்டியில பார்த்து அப்படியே வச்சேன்."

"இங்க பெட்டி இருந்தா நான் எங்கடா காலை நீட்டுறது?"

தம்பிக்குப் புரியவில்லை.

"குளிர்ல நாங்க படுக்குறதே இங்கதான். வண்டியை நிறுத்தினாலும் எஞ்சின் சூடு ரொம்ப நேரம் இருக்கும். மேல பூரா நட்சத்திரம், கீழ கதகதன்னு இரும்பு. வண்டி நிக்கிதா மிதக்குதான்னே தெரியாது." அண்ணன் பெட்டியை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "இது நம்ம வண்டி இல்லை. எடுத்துட்டுப் போ."

பல்லுக்காரர் டாங்கியைத் தூக்கிக்கொண்டு பட்டறை அறைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை அண்ணனே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "சட்டையை எடு. அந்தப் பெட்டியை நான் பார்க்கணும்" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிவிட்டு, தம்பியிடம், "கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. உங்க முழங்கையை அவர் பிடிச்சுக்கட்டும்" என்றாள்.

பூங்காவில் பனி இன்னும் கலையவில்லை. காவலாளி சாவியோடு வந்தார். இடுக்கில் கைவிட்டுப் பெட்டியைத் திறந்து எதையோ தட்டினார். பூங்கா விளக்குகள் எல்லாம் அணைந்தன.

"சுவிட்ச் பொட்டி சார். இங்க கொண்டாந்து நிறுத்தினப்புறம் வச்சது."

அண்ணன் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழுந்து பறந்தன. பிறகு சிரிப்பை நிறுத்தி, குளிர்ந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பியதும் கட்டிலுக்குப் போகவில்லை. பட்டறை அறையில் இன்னொரு முக்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். தம்பி பிளேடால் பெட்டியைச் சீவி எடுத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து நீட்டினார். அண்ணன் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"காலை உறுத்துது. இன்னும் தேய்."