மூலைக் கட்டிலை ஒப்படைத்த காலை

வார்டில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது. அவள் புருஷனுக்கு வைத்த பெயர் சரிசரி. எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வான். இரண்டு பேரும் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டாக்டர்கள். அவள் ஷிப்ட் முடிகிற இடத்தில் அவன் ஷிப்ட் தொடங்கும். நோயாளிகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓட வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணிக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

அன்று காலையும் பையை மாட்டிக்கொண்டே ஒப்பித்தாள்.

"மூலைக் கட்டில் லாரி டிரைவர், நேத்து வயித்துல ஆபரேஷன். நல்லாத்தான் பேசறாரு. ஆனா ஒரு கண் வெச்சுக்கோ."

"சரி சரி."

லிப்ட் கதவு மூடப் போகும்போது அவளுக்குப் பொறி தட்டியது. முந்தின நாள் அடுப்பில் பாலை வைத்து, இதே ஆளிடம் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "கண் வெச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்!" என்று சத்தியம் செய்தான். அதுவும் நிஜம்தான். அணைக்கச் சொல்ல அவளுக்குத்தான் தோன்றவில்லை.

கதவிடுக்கில் காலை விட்டு வெளியே பாய்ந்தாள்.

"டேய், மூலைக் கட்டிலுக்கு என்ன செய்வ? சொல்லு."

"பாத்துக்குவேன்."

"பாத்து?"

சரிசரி திரும்பி மூலைக் கட்டிலைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக எக்ஸ்பிரஸ் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "விடியக்காலையிலேர்ந்து நாடித்துடிப்பு ஏறிக்கிட்டே வருது. உள்ள ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. நூத்தி இருபதைத் தாண்டினாலோ, பிரஷர் இறங்கினாலோ, ஸ்கேனுக்குக் காத்திருக்காத. உடனே சீஃப் டாக்டரைக் கூப்பிடு. ஏத்தறதுக்கு ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். இப்ப திருப்பிச் சொல்லு."

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"திருப்பிச் சொல்லு!"

சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. பிரஷரை மட்டும் விட்டுவிட்டான். விடுவாளா? முதலிலிருந்து மறுபடி சொல்ல வைத்தாள். சொல்லி முடித்தவன் பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு நேராக மூலைக் கட்டிலுக்குப் போனான்.

வீட்டில் அண்ணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். குழந்தை மடியிலேயே தூங்கிவிட்டது. அவளுக்குத்தான் கண் மூடவில்லை. மதியம் போன் அலறியது.

"துடிப்பு நூத்தி இருபதுகூட ஆகலை, பிரஷர் சர்ருனு இறங்கிடுச்சு! உடனே சீஃபைக் கூப்பிட்டேன். உள்ள ஒரு ரத்தக்குழாய்ல நேத்து போட்ட கட்டு அவுந்துபோயிருக்கு. திரும்பத் தெறந்து கட்டிட்டாங்க. பொழச்சுக்கிட்டாரு!"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"திருப்பிச் சொல்லு," என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"கடைசியாச் சொன்னியே, அதை மட்டும்."