ஏழாம் பாரை எங்கே நகர்த்தினேன்?

1. முதல் நாள்

நான் முதன்முதலில் தொட்ட ஜி.பி.எஸ். செட் ஸ்டூலில் இருந்தபடியே நடந்தது. இதைச் சொன்னால் இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மண்டபம் அகதி முகாமில் இருந்த காலம் அது. இராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்குக் கருவி விற்றுத் திருத்தும் கடையொன்றில் சேர்ந்திருந்தேன். முதல் நாளே முதலாளி ஒரு செட்டைத் தந்து மொட்டைமாடியில் வைத்துச் சோதிக்கச் சொன்னார். செட் அசையவில்லை, திரையில் இருந்த இலக்கங்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. கால் மணித்தியாலத்துக்குள் அது எழுபது எண்பது மீற்றர் நடந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டதாகக் காட்டியது. பழுது என்று நினைத்து ஸ்குரூட்ரைவரை எடுத்தேன்.

“டேய் லோகு, கழட்டித் தொலைச்சிடாத. செட்டுல ஒரு கோளாறும் இல்ல. மேல சாட்டிலைட்டுல இருந்து அமெரிக்காக்காரன் வேணும்னே கணக்கை ஆட்டுறான்” என்றார் முதலாளி.

“ஏன் முதலாளி ஆட்ட வேணும்?”

“அவன் பட்டாளத்துக்குச் சரியான கணக்கு, நமக்குக் கலங்கின கணக்கு. நாளைக்கு எவனாவது இதை வச்சே அவன் தலைல குண்டு போட்டுட்டா?”

எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. பொய் சொல்ல வேண்டுமென்றே ஒரு கருவியைச் செய்வார்களா என்று மனது அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு நாள் காலையில் அந்த ஆட்டம் திடீரென்று நின்றது. கணக்கு ஓடாமல் நின்றதைப் பார்த்துச் செட் செத்துவிட்டது என்று இரண்டு அன்ரெனாவை மாற்றிய ஆள் நான். அமெரிக்கா ஆட்டுவதை நிறுத்திவிட்டது என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அதிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரு விசர் பிடித்துவிட்டது. எந்த வரைபடத்தைக் கண்டாலும் இதில் என்ன இல்லை என்றுதான் முதலில் தேடுவேன். பல நாடுகளில் முகாமும் ஆயுதக் கிடங்கும் வரைபடத்தில் ஏறுவதில்லை, அந்த இடம் வெறும் பற்றைக்காடாக இருக்கும். செய்மதிப் படத்தில் சில கட்டடங்களின் மேல் மட்டும் மா பூசியதுபோல் ஒரு மங்கல். சீனாவில் வெளியிடும் வரைபடங்களில் ஊர்களையே சில நூறு மீற்றர் தள்ளி வைக்கிறார்கள். எல்லா இடத்தையும் ஒரே அளவு தள்ளினால் யாரும் கழித்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதனால் ஒவ்வோர் இடத்தையும் ஒவ்வொரு விதமாகத் தள்ளுகிறார்கள். அதை வாசித்தபோது, கெட்டிக்காரர்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. சவிரியான் கேட்ட உதவி

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டேன். குடியிருப்பு பாப்பாமோட்டையில். கடற்கரை முழுவதும் எனக்கு வாடிக்கையாளர்கள். கடலுக்கடியில் மீன் கூடும் கற்திட்டுக்கு எங்கள் பக்கத்தில் ‘பார்’ என்று பெயர். ஒவ்வொருவருடைய செட்டிலும் அவரவர் கண்டுபிடித்த பார்கள் பொயின்ற்களாக, அதாவது இடக்குறிகளாக, பதிந்திருக்கும். அது அவர்களுடைய நகைப்பெட்டி. பார்களுக்கு இலக்கம் வைத்து, முதலாம் பார், இரண்டாம் பார் என்று பெயரைத்தான் சொல்வார்கள். பாகை, மினிற்றுக் கணக்கைப் போனிலோ ரேடியோவிலோ ஒருவரும் வாய்விடமாட்டார்கள். காற்றில் போகும் கதையை எத்தனை காது கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

விடத்தல்தீவுச் சவிரியான் ஒரு நாள் இரண்டு செட்டோடு வந்தார். ஒன்று அவருடையது. மற்றது அவருடைய மனைவியின் தம்பி றெஜினோல்ட் புதுப் போட்டுக்கு வாங்கியது.

“லோகன், என்ர பன்ரெண்டு பாரையும் றெஜியின்ர செட்டில ஏத்திவிடுங்கோ. மனிசி ஒரு மாசமாச் சாப்பாட்டுக் கோப்பையோட சேத்து இதையும் வைக்கிறாள், தம்பிக்குக் குடு, தம்பிக்குக் குடு எண்டு.”

“அதுக்கென்ன, ஏத்துவம்.”

அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டார். “அப்பிடியே ஏத்த வேண்டாம். கொஞ்சம் ஆட்டிவிடுங்கோ.”

“எவ்வளவு?”

“மீன் படாத அளவுக்கு. ஆனாப் பொய்யெண்டு பிடிபடாத அளவுக்கு.”

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அதற்குக் காரணம் சவிரியான் இல்லை, என் கைதான். இத்தனை வருடம் வாசித்த வித்தையைச் செய்துபார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. எத்தனையோ செட்டைத் திருத்தினவன் அன்று ஒரு செட்டைப் பழுதாக்க உட்கார்ந்தேன், அதுவும் சந்தோஷமாக. ஒவ்வொரு பாரையும் ஒவ்வோர் அளவுக்குத் தள்ளினேன். ஆனால் ஒரு கடல் மைலுக்கு மேல் ஒன்றையும் தள்ளவில்லை.

“எதை எங்க தள்ளினது எண்டு எழுதித் தரட்டோ?” என்று கேட்டேன்.

“ஐயோ வேண்டாம். தெரிஞ்சா எப்பவாவது மனிசியிட்ட உளறிப்போடுவன். நீங்களும் வைச்சிருக்காதேங்கோ.”

தொழில் நேர்மை என்று நினைத்துக்கொண்டு, கொம்பியூட்டரில் இருந்த பிரதியை அவர் கண்முன்னாலேயே அழித்தேன்.

ஒருவர் நிற்கும் பாருக்கு மற்றவர் அன்றைக்குப் போகக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால் அத்தானும் மச்சானும் ஒரே பாரில் சந்திக்கவில்லை. பொய்யும் பிடிபடவில்லை.

3. போயா நாள்

பௌர்ணமி விடுமுறையென்று கடை பூட்டியிருந்த ஒரு போயா நாள். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று பிடித்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்த நேரம் சவிரியானிடமிருந்து போன் வந்தது. குரல் அவருடையதாகவே இல்லை.

“லோகன், ஏழாம் பாரை எங்க ஆட்டினீங்கள்?”

காலையில் றெஜியும் அருளப்பு என்ற வயதாளியும் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள். மிதந்துவந்த மரக்குத்தியில் போட் அடிபட்டு அடி வெடித்துவிட்டது. என்ஜினும் நின்றுவிட்டது. றெஜி மனைவிக்கு எடுத்த போன் கொஞ்ச நேரம்தான் நின்றது. “தண்ணி ஏறுது. ஏழாம் பாரில நங்கூரம் போட்டு நிக்கிறம். அத்தானிட்டச் சொல்லு, அத்தானுக்கு இடம் தெரியும்” என்று சொன்னதோடு கட்டாகிவிட்டது. அது பட்டன் போன், இடத்தை அனுப்ப வழியில்லை. கடலுக்கு நல்ல போன் கொண்டுபோகிறவர்கள் அங்கே குறைவு.

அத்தானுக்கு இடம் தெரியும். அதுதான் பிரச்சினை. சவிரியான் முதலில் பதறிப்போய்த் தன் செட்டில் இருந்த உண்மையான ஏழாம் பாரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தார். கடற்படைக்கும் அதையே சொல்லியிருந்தார்கள். நான்கு போட்கள் அங்கே போய்ப் பார்த்தன. வெறும் கடல். கயிறு அறுந்து வாடையில் இழுபட்டிருக்கும் என்று முடிவுகட்டி எல்லாரும் தென்மேற்கே, இந்திய எல்லைப் பக்கம், தேடிப் போய்விட்டார்கள். அப்போதுதான் சவிரியானுக்கு என் ஞாபகம் வந்தது.

எனக்கோ ஏழாம் பார் ஞாபகத்தில் இல்லை. கையைக் கழுவினேனா என்றுகூடத் தெரியாது. மோட்டார்சைக்கிளை எடுத்தேன். பாப்பாமோட்டையிலிருந்து விடத்தல்தீவு கிட்டத்தான். அந்தத் தூரம் முழுக்க ஏழு, ஏழு என்று வாய் முணுமுணுத்தது. மூன்றாம் பார் வந்தது, பத்தாம் பார் வந்தது, ஏழு மட்டும் வரவில்லை.

மீனவர் சங்கக் கட்டடத்தில் நான் பூட்டிக் கொடுத்த ரேடியோ செட் இருந்தது. அதைச் சுற்றி ஊர் நின்றது. றெஜியின் மனைவி மெற்றில்டா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியோவையே பார்த்தபடி இருந்தாள். சவிரியான் என்னைச் சுவர்ப்பக்கம் இழுத்தார்.

“சனத்துக்கு முன்னால வேண்டாம். இடத்தை மட்டும் சொல்லுங்கோ, நான் என்ர போட்டை விடுறன்.”

“எனக்கு ஞாபகமில்லை, அண்ணை.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் நிலத்தில் குந்திவிட்டார்.

நான் நின்ற இடத்தில் நிற்கமுடியாமல் நடந்தேன். என்ன செய்தேன் என்பது ஞாபகமில்லை, சரி. எப்படிப் பொய் சொல்லியிருப்பேன் என்று யோசிக்கலாமே? பிடிபடக்கூடாது என்றல்லவா அவர் சொன்னார். றெஜியின் போட்டில் ஆழம் பார்க்கும் கருவி இருக்கிறது. ஏழாம் பார் நான்கு பாகத் தண்ணீர், இருபத்துநான்கு அடி ஆழம், என்பது அவனுக்குத் தெரியும். கரைப்பக்கமோ வெளிப்பக்கமோ தள்ளினால் ஆழம் மாறும், பொய் அன்றைக்கே பிடிபடும். கரைக்குச் சமாந்தரமாகத் தள்ளினால்தான் ஆழம் மாறாது. அப்படியென்றால் வடக்கு அல்லது தெற்கு. ஒரு மைலுக்குள்.

ஆனால் நான்கு போட்டும் தென்மேற்கே ஓடிக்கொண்டிருந்தன. ஏன் திரும்ப வேண்டும் என்று சொல்லாமல் அவற்றைத் திருப்ப முடியாது. ரேடியோவில் சொன்னால் கரை முழுக்கக் கேட்கும். என் கடையை நம்பிச் செட்டைத் தந்த ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடத்தை நான் எனக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

மைக்கை எடுத்தேன். “நான் மெக்கானிக் லோகன் கதைக்கிறன். எல்லாரும் திரும்புங்கோ. போட் இழுபடயில்லை. றெஜியின்ர செட்டில ஏழாம் பார் பிழை. நான்தான் தெரிஞ்சுகொண்டு பிழையாப் போட்டனான். நீங்கள் முதல் போன இடத்திலயிருந்து ரெண்டு போட் வடக்க, ரெண்டு போட் தெக்க, ஆழம் மாறாமல் ஒரு மைல் பாருங்கோ.”

ரேடியோவில் யாரோ, “ஏன் போட்டனீங்கள்?” என்று கேட்டார்.

சவிரியான் எழும்பி வந்து என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார். “நான்தான் போடச் சொன்னனான். என்ர மச்சானுக்கு மீன் படக்கூடாது எண்டு நான்தான் சொன்னனான். திரும்புங்கோடா!”

மெற்றில்டா அவரைப் பார்த்தாள்.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். வடக்கே போனவர்கள் கண்டார்கள். போட் விளிம்புவரை தண்ணீரில் மூழ்கி, நங்கூரக் கயிற்றில் அப்படியே நின்றிருந்தது. இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில், வெறும் எண்ணெய்க் கான்களைக் கட்டிப்பிடித்தபடி உயிரோடு இருந்தார்கள். அருளப்புவுக்குக் குளிரில் பேச்சு வரவில்லை.

4. மறுபடி கடையில்

ஒரு மாதம் கடைக்கு யாரும் வரவில்லை. வந்த ஒரே ஆள் சவிரியான்தான். பன்னிரண்டு பாரின் உண்மைக் கணக்கையும் தன் கையால் கொப்பித்தாளில் எழுதி மேசையில் வைத்தார். “றெஜி வந்தாக் குடுங்கோ. என்ர முகத்தைப் பாக்கிறானில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு றெஜி வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மரியாதையாகவே பேசினான். செட்டை மேசையில் வைத்தான்.

“அண்ணை, பன்ரெண்டையும் அழிச்சுவிடுங்கோ.”

அழித்தேன். தாளை எடுத்து நீட்டினேன். “இது சரியான கணக்கு, தம்பி. அத்தான் தானே எழுதித் தந்தவர். ஏத்திவிடட்டோ?”

தாளை வாசித்தான். மடித்துத் திருப்பி வைத்தான். “இது சரியெண்டு ஆர் அண்ணை சொல்லுறது? நீங்களோ?”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அரசாங்கங்கள் கணக்கை ஆட்டிக் கொடுக்கும்போது சரியான கணக்கை வேறொரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றன. அவர்களுக்கு எதிரி இருக்கிறான், ஏதோ ஒரு நியாயமும் இருக்கிறது. உங்களிடம் வருகிறவன் எதிரி இல்லை. தர விருப்பமில்லையென்றால் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அல்லது கணக்குக்கு உரியவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் கோபிப்பான், ஆனால் பாதை தெரியாது என்று தெரிந்தாவது போவான். ஆட்டிக் கொடுத்தால் பாதை தெரியும் என்று நினைத்துக்கொண்டு போவான்.

றெஜி செட்டை எடுத்துக்கொண்டு எழும்பினான். வாசல்வரை போய்த் திரும்பினான். செட்டில் ஒரேயொரு பொயின்ற்தான் மிஞ்சியிருந்தது. விடத்தல்தீவு இறங்குதுறை. அவன் வீட்டுக்குத் திரும்பிவரும் இடம். நான் தொடாத ஒரே கணக்கு அதுதான்.

“அண்ணை, துறையாவது அதின்ர இடத்திலயோ இருக்கு?” என்று கேட்டான்.