மூன்று நிமிடத்தில் வழியனுப்புதல்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில், சோளவயல்களுக்கு நடுவே ஓர் அதிவேக ரயில் நிலையம் வரக்கூடும். இப்போது அங்கே இருப்பவை: வயல், ஒரு தானியக் களஞ்சியம், வேலியோரம் நான்கு மாடுகள். நிலைய வாசலில் கார்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் பாதையை வரைவது என் வேலை. நான் தனியாக வரைந்த முதல் வரைபடம் அது. ஒரு சனிக்கிழமை அந்த ஊர் மண்டபத்தில் அதை மக்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. சரிவராவிட்டால் அது என்னைவிட மூத்த ஒருவரின் கைக்குப் போகும் என்று மனேஜர் பண்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு காருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தேன். எங்கள் துறையின் கைநூலில் அப்படித்தான் இருந்தது. கதவைத் திறக்க, பெட்டியை இறக்க, கையசைக்க. ஒற்றைப் பாதை, ஒன்றின் பின் ஒன்றாகக் கார்கள் வந்து போகும். முந்திப்போக இடமில்லை, தேவையும் இல்லை. பார்க்க அழகாக இருந்தது.

என் கார் திருத்த வேலைக்காகக் கராஜில் நின்றதால், ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டிலிருந்து அம்மாவும் அப்பாவும் என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் மூன்று நிபந்தனைகள் வைத்தேன். மண்டபத்துக்குள் வரக்கூடாது. யாருக்கும் சாப்பாடு கொடுக்கக்கூடாது. என்னைப் பற்றி எவரிடமும் எதுவும் சொல்லக்கூடாது.

"ஓம் ஓம், நாங்கள் காருக்குள்ளையே இருக்கிறம்," என்றார் அப்பா.

காருக்குள் அம்மா பொரித்த ரோல்ஸ் வாசம் வந்தது.

"உது ஆருக்கம்மா?"

"வழியிலை பசிச்சால் சாப்பிட."

"அறுபது ரோல்ஸோ?"

"கொப்பருக்கு நல்லாப் பசிக்கும்," என்று அம்மா அப்பாவைக் காட்டினார்.

கூட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் இருவரும் மண்டபத்துக்குள் நின்றார்கள். நான் மேடையில் பேசிக்கொண்டிருக்க, அம்மா வரிசை வரிசையாகத் தட்டை நீட்டிக்கொண்டு போனார். எதிர்ப்புச் சொல்ல வந்திருந்த பலரின் வாய்கள் நிறைந்திருந்தன. நிலையம் வரவிருக்கும் இடத்துக்கு அடுத்த வயல்காரப் பெண்மணி மட்டும் எழுந்து, தன் மகள் தூரத்தில் படிக்கிறாள், அவளை ரயிலேற்றிவிட மூன்று நிமிடம் போதுமா என்று கேட்டார்.

தாராளமாகப் போதும் என்றேன்.

"மூண்டு நிமிசமோ? உனக்கு விசரே பிள்ளை?" என்று பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அவர் என்ன சொன்னார் என்று மனேஜர் கேட்டார். எனக்குப் பைத்தியமா என்று அம்மா கேட்டதை, போக்குவரத்தைப் பற்றி ஒரு கருத்து என்று மொழிபெயர்த்தேன்.

வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனேஜர் தலையசைத்தார். வரைபடம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மண்டபத்து வாசல் பாதையும் ஒற்றைப் பாதை. அப்பா காரை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அம்மாவும் வயல்காரப் பெண்மணியும் அதற்குள் சிநேகிதிகளாகிவிட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் விடைபெறுவதற்கு ஒரு முறை உண்டு. "வெளிக்கிடுவம்" என்பதை முதலில் இருந்தபடியே சொல்ல வேண்டும். பிறகு எழும்பி நின்று சொல்ல வேண்டும். வாசலில் புதுக் கதை ஒன்று தொடங்கும். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு கண்ணாடி இறங்கும். முக்கியமான கதை அப்போதுதான் வரும்.

நாங்கள் காரில் ஏறியதும் அம்மா கண்ணாடியை இறக்கினார். கதை தக்காளிக் கன்றுகளைப் பற்றியது. பெண்மணி ஜன்னலில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"அம்மா, பின்னாலை கார் நிக்குது!"

"நிக்கட்டும் பிள்ளை. கதைச்சுக்கொண்டிருக்கேக்கை எப்பிடி விட்டிட்டுப் போறது? என்ன நினைப்பினம்?"

அப்பா என்ஜினை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்து எண்ணினேன். ஒன்பது கார்கள். ஐந்தாவது மனேஜருடையது. அவர் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். ஒரு கையில் பாதி ரோல்ஸ். மற்றக் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை என்னிடம் காட்டினார்.

பதினேழு நிமிடம்.

"மூன்று," என்றார்.

சின்ன வயதிலிருந்து எத்தனை வீட்டு வாசல்களில், அம்மாவின் கதை முடியும்வரை, சப்பாத்தும் ஜக்கெற்றும் போட்டு வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! அப்படிப்பட்ட நான் கைநூலை நம்பியிருக்கிறேன்.

இறங்கிப்போய் வரைபடத்தைக் காரின் பின்மூடி மேல் விரித்தேன். முந்திப்போக இன்னொரு பாதை கீறினேன். பக்கத்தில் கார்கள் ஒதுங்கி நிற்க இடம். அதையொட்டி, வழியனுப்ப வருகிறவர்களுக்கு ஒரு கூரை, உட்கார இரண்டு வாங்குகள். அவசரத்தில் கூரை சற்றுச் சரிந்திருந்தது. மனேஜர் ரோல்ஸை முடிக்கும்வரை பார்த்தார்.

"திங்கட்கிழமை ஒழுங்காக வரைந்து கொண்டு வாருங்கள்," என்றார். "நீங்களே கொண்டு வாருங்கள்."

நான் திரும்பிக் காரில் ஏறினேன். "அம்மா, இனி வெளிக்கிடுவம்."

"நாங்கள் எப்பவோ வெளிக்கிட்டாச்சு பிள்ளை," என்றபடி அம்மா கதவைத் திறந்து இறங்கினார். பெண்மணி அம்மாவுக்குக் கன்றுகள் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை கொடுத்த வரைபடத்தில், ஒதுங்கி நிற்கும் காருக்கு இருபத்தைந்து நிமிடம் போட்டேன். எங்கள் ஆட்களுக்கு அது காணாது என்று தெரியும். ஆனால் வயலுக்கும் ஓர் எல்லை இருக்கிறதே.