பனி மூடிய பன்னிரண்டு பேனல்கள்

என் கைபேசியில் இரண்டு வீடுகளின் வெயில் கணக்கு வரும். ஒன்று பர்மாவில், தாகேதாவில் நான் இருக்கும் வீடு. தகரக் கூரையில் நான்கு சோலார் பேனல்கள். மற்றது ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஊரில், என் மகன் வாங்கிய வீடு, பன்னிரண்டு பேனல்கள். விடுமுறையில் வந்தபோது அவன்தான் இந்தக் கணக்கைக் காட்டும் செயலியை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதுகிறவன் நான். அவன் வீட்டு யூனிட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன்.

குளிர் தேசத்தில் பேனல் வீண் செலவு என்று சொன்னபோது அவன் சிரித்தான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சூடு ஏற ஏற அது சோர்ந்துபோகும் என்றான். "சித்திர வெயில்ல உங்க பேனலுக்குத்தாம்பா மயக்கம் வரும்."

நம்பாமல், பேனல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். வானம் தெளிந்த ஒரு மாசி நாளில், தரையில் கிடந்த பனியும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க, அவன் பேனல் என்னுடையதை முந்தியிருந்தது. மறுபடி வகுத்தேன். சரிதான்.

ஆனால் கூரையைப் பனி மூடிவிட்டால் சைபர். இரண்டு வருஷத்துக்கு முந்திய தையில் தொடர்ந்து சைபராக வந்தது. நான் இங்கே மூன்று நாளைக்கு ஒருமுறை மூங்கில் கழியில் ஈரத்துணி கட்டிப் பேனலின் புழுதியைத் துடைப்பவன். அந்தப் பழக்கத்தில், நீயும் துடைத்துவிடேன் என்றேன். கூரை இவ்வளவு சரிவாக இருப்பதே அதற்குத்தான், வெயில் அடித்தால் பனி தானே சறுக்கி விழும் என்றான். பக்கத்து வீட்டுக் கிழவர் ஏணி வைப்பதைப் பார்த்து அவனும் மருமகளும் சிரிப்பார்களாம். மறுநாளும் சைபர். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும்.

"இன்னிக்கும் சைபராடா?"

"சைபர் எழுதினா உங்களுக்குச் சோறு எறங்காது. சரிப்பா, நாளைக்கு ஏறுறேன்."

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு எண் அசைந்தது. அங்கே அப்போது மணி பத்து பத்து. 0.2. பிறகு 0.5. எட்டரைக்கு 1.1. மேல் வரிசையின் ஆறு பேனல்கள்தான் வேலை செய்கின்றன என்று செயலியில் தெரிந்தது. கீழ் வரிசை எப்போது என்று கேட்கப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையில் மும்முரமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். 1.9 வரை எழுதினேன்.

அதன்பின் மருமகள் கூப்பிட்டாள். வேலையிலிருந்து திரும்பியவள், கூரையிலிருந்து விழுந்து பனியில் கிடந்தவனைப் பார்த்திருக்கிறாள். உயிர் இல்லை. அவன் அங்கே கிடந்த நேரமெல்லாம் அவன் துடைத்துவிட்ட ஆறு பேனல்களும் எனக்கு எண் அனுப்பிக்கொண்டிருந்தன. நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் எண் வருகிறது. அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். சில காலைகளில் எண் அசையும்போது, கூரைமேல் ஒருவன் நிற்கிறான் என்று என் உடம்பு நம்பிவிடுகிறது. நான் கேட்டுத்தான் அவன் ஏறினான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளோ என்ற பயம். என்னைக் கூப்பிட அவளை விட்டால் யாரும் இல்லை.

இந்தத் தையில் ஒன்பது சைபர். பத்தாம் நாள் எண் தானாக வந்தது. சற்று நேரத்தில் அவள் கூப்பிட்டாள். அவள் பர்மியப் பெண். நாங்கள் பேசுவதும் பர்மிய மொழியில்தான். என்னை அபே என்பாள், அப்பா என்று அர்த்தம். பனி மொத்தமும் ஒரே சத்தமாகச் சறுக்கி விழுந்ததைச் சமையலறையில் நின்று கேட்டாளாம்.

"ஏறுறவங்களப் பாத்து சிரிக்கிற மனுஷன். அன்னைக்கு ஏன் ஏறினார்னு எனக்கு இன்னும் புரியல, அபே."

"நான்தான் ஏறச் சொன்னேன்."



"எத்தன தடவ சொன்னீங்க?"

ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம். எட்டு என்றேன்.

"எட்டு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அவர்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

நான்கு நாள் ஆகிறது. அவள் கூப்பிடவில்லை.