சகலையும் நானும் ஒரு கிழட்டு மானும்

சகலையைப் பிடிக்காது என்று சொல்பவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அக்காவைக் கட்டியவன் ஒருவன், தங்கையைக் கட்டியவன் ஒருவன். மாமனார் வீட்டில் யாருக்கு முதல் இலை போடுகிறார்கள் என்பதில் தொடங்குகிற பகை அது. எங்கள் பகை விமானம் ஏறி ஆக்லாந்துக்கே வந்துவிட்டது. அவர் ஹில்ஸ்பரோவில், கடல் தெரிகிற வீட்டில் இருக்கிறார். நான் கிளென் ஈடனில் வாடகைக்கு இருக்கிறேன். என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி தெரியும்.

இருந்தாலும் என்னை முதன்முதலில் மான் வேட்டைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அதை மறைத்து எழுதினால் என் மனைவி சும்மா விடமாட்டாள். ஊரில் இருக்கும் நண்பர்கள் இன்றும் போனில் கேட்கிறார்கள்: "மானைச் சுட்டா உள்ள தூக்கிப் போடமாட்டானா?" போடமாட்டான். இந்த நாட்டில் மான் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்ட பிராணி. காட்டையும் மேய்ச்சலையும் தின்று அழிக்கிற தொல்லை என்றுதான் கணக்கு. துப்பாக்கி லைசென்சும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தால் போதும். ஆக்லாந்துக்கு வடக்கே கைப்பாரா பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருந்த ஒரு விவசாயிக்குச் சகலை வரிக்கணக்கு பார்த்தார். அந்தப் பழக்கத்தில் அனுமதி கிடைத்தது. சகலை அனுமதி வாங்கினார் என்பதை ஒவ்வொரு முறை காரில் போகும்போதும் சகலையே எனக்கு நினைவூட்டினார்.

அவர் கூட்டிப்போன அந்த முதல் ஏப்ரலில்தான் அவனைப் பார்த்தேன். மானை 'அவன்' என்று சொல்வது மரியாதைக்காக அல்ல, ஆத்திரத்தில். ஃபாலோ என்று இங்கே சொல்கிற சாதி. நம் புள்ளிமானை விடக் கொஞ்சம் தடித்த உடம்பு. ஆண்மானுக்குக் கொம்பு கிளை கிளையாகப் போகாமல், விரித்த உள்ளங்கை மாதிரி அகன்றிருக்கும். இவன் புள்ளியே தெரியாத கறுப்பன். இடது காது நுனியிலிருந்து இரண்டாகக் கிழிந்திருந்தது. வயது ஏறியவன் என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏப்ரலில் ஆண்மான்கள் ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு, மண்ணைப் பறித்து, பெட்டைகளைக் கூப்பிட்டுக் கத்தும். கத்தல் என்றா சொல்வது? கல்யாண வீட்டில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தவன் விடுகிற ஏப்பம்தான் அது. பைன் மரங்களுக்கு அடியில் அவன் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் பார்த்தோம். யாரும் சுடுவதற்குள் போய்விட்டான்.

திரும்பி வரும்போதே இருவருக்கும் அவன்மேல் கண் விழுந்துவிட்டது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

அந்த வருடமே சகலைக்கு ஐம்பதாவது பிறந்தநாள். ஹால் பிடித்து, பாதி ஆக்லாந்துத் தமிழரைக் கூப்பிட்டிருந்தார். பிரியாணித் தட்டோடு நின்றிருந்த என் தோளில் கையைப் போட்டு, பத்துப் பேர் கேட்கச் சொன்னார்: "அந்தக் கறுப்பன் எனக்குத்தான்யா. நான் சுடுவேன், நம்ம சகல தூக்கிட்டு வருவாரு. நல்ல உடம்புல்ல!" எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், ஓம், அவரும் சுடுவார்தானே" என்று பரிந்து பேசினார். அதுதான் இன்னும் எரிந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவருக்கு முன்னால் அந்த மானை நான் சுட வேண்டும். அன்று முதல் எனக்கு வேறு லட்சியம் கிடையாது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சகலை இல்லை என்று அர்த்தம்.

இரண்டாம் ஏப்ரலில் அவரிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மனூக்காப் புதர்களுக்கு நடுவே ஊர்ந்து மேட்டுக்கு ஏறினால், எதிர்ப் பக்கத்திலிருந்து ஆரஞ்சுத் தொப்பி ஒன்று ஏறி வருகிறது. அவரும் என்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறார்! நடுவில் கறுப்பன்.

"நீ இங்க என்ன பண்றே?"

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுக் கத்திக்கொண்டோம். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. மாமனார் சீர் செய்ததில் வந்த பாரபட்சம் வரைக்கும் போய்விட்டது பேச்சு. மான் எப்போது போனது என்று இருவருமே கவனிக்கவில்லை. சத்தம் கேட்டு விவசாயி நாலு சக்கர பைக்கில் வந்தார். நாங்கள் பேசிய தமிழ் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் விஷயத்தை நன்றாகவே புரிந்துகொண்டார். என் நிலத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் துப்பாக்கியோடு சண்டை போட முடியாது, இனி ஒரு வாரம் இவர், மறு வாரம் அவர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் முறை வைக்கிற மாதிரி.

அதோடு இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. என் மனைவிக்கு இந்த நாட்டில் ரத்த உறவு என்றால் அந்த அக்கா ஒருத்திதான். ஞாயிறு காலையில் இருவரும் ஏவன்டேல் சந்தைக்குச் சேர்ந்து போய், கீரையை வாங்குகிற சாக்கில் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அதுவும் நின்றது. நின்றதற்கு அவர்தான் காரணம் என்று நான் சொன்னேன். ஹில்ஸ்பரோவில் அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் ஏப்ரலில் கறுப்பன் என்னைப் பைத்தியமாக்கினான். என் முறை வரும் ஞாயிறுகளில் விடியும் முன்பே போய்ப் படுத்துக் கிடப்பேன். ஏப்பம் கேட்கும். நெருங்கி வரும். ஃபெர்ன் இலைகள் அசையும். பிறகு, நான் ஒரு விரலைக்கூட அசைக்காதபோதே, கால் தரையை உதைக்கிற சத்தம், ஒரு சீறல், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே என்னைக் கண்டுபிடித்துவிடுகிறான். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் எனக்கு எதிராகவே வீசுகிற மாதிரி இருந்தது. சகலை ஏதாவது சொல்லி வைத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். மானிடம் எப்படிச் சொல்வார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது விவசாயியின் நாய். அந்த மாதம் என் கடைசி முறை அது. வெறுங்கையோடு காருக்குத் திரும்பியபோது, ஆடு மாடு ஓட்டுகிற அந்த நாய் ஓடிவந்து என் ஜாக்கெட்டை நக்கத் தொடங்கியது. விரட்டினால் மறுபடி வந்து சட்டைக்கையை நக்கியது. விவசாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உன்மேல் நல்ல மத்தியானச் சாப்பாட்டு வாசனை வருகிறது நண்பா, மூக்கடைத்த மானைத்தான் நீ தேட வேண்டும் என்றார்.

நான் ஜாக்கெட்டைக் கழற்றி முகர்ந்தேன். வறுத்த மிளகாய், பெருங்காயம், அதற்கு மேல் வஞ்சிரம் மாதிரி இங்கே கிடைக்கிற கிங்ஃபிஷ் பொரித்த எண்ணெய். எங்களைப்போன்ற வாடகைக்காரர் வீடுகளில் நடக்கிற கதைதான். கார்ப்பெட் போட்ட வீட்டுக்குள் தாளித்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருகிற வீட்டுக்காரரின் ஏஜென்ட் மூக்கைச் சுளிப்பாள். அதனால் இரண்டாவது அடுப்பு கராஜில். வறுவல், பொரியல், மிளகாய்ப்பொடி எல்லாம் அங்கேதான். சேறும் புழுதியுமான வேட்டைத் துணியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருந்ததால் அதுவும் கராஜில்தான், அடுப்புக்கு நேர்மேலே. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மூன்று வருடமாக எனக்கு முன்னே மீன் வறுவல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஆடினேன். இனி கராஜில் அடுப்பு எரியக் கூடாது என்றேன்.

"அப்ப எங்க சமைக்கிறது? உங்க தலையிலயா?"

"உள்ள சமை. ஜன்னலத் தொறந்து வை."

"குளிர்ல?"

"குளிர்லதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். இங்கே ஜூனில் தொடங்குகிற குளிர்காலம் முழுவதும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளித்தாள். மீனே வாங்கவில்லை. சோதனைக்கு வந்த ஏஜென்ட் சமையல் நெடி என்று எழுதி அனுப்பினாள். நான் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. துணியை வாசனையில்லாத சோப்பில் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டு, ஃபெர்ன் இலைகளோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். அடுத்த ஏப்ரல் என்னுடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அந்தத் தீபாவளிக்குச் சகலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அதிரசம். பின்னால் அவர் மனைவி. என் மனைவி ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சகலை சோபாவில் உட்கார்ந்து, "முட்டி தேஞ்சு போச்சு சகல. இனிமே மலையேற முடியாது. வர்ற ஏப்ரல்ல எல்லா வாரமும் நீயே எடுத்துக்க. அது உனக்குத்தான்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! மனிதர் தோற்றுவிட்டார், அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளவும் வந்துவிட்டார். பெருந்தன்மையாக இரண்டு அதிரசம் தின்றேன். அவர் போனபிறகு, "பாத்தியா, வழிக்கு வந்துட்டாரு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான்காம் ஏப்ரலில் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். சில சனிக்கிழமைகளிலும் போனேன். போகிற வழியில் குமேயூவில் சேருகிற வண்டி நெரிசலுக்கு முந்திக்கொண்டு போய், ஈரத்தில் படுத்துக் கிடந்தேன். என்மேல் எந்த வாசனையும் இல்லை. காற்றும் எனக்குச் சாதகமாகத்தான் வீசியது. பைன் மேட்டில் ஒரு ஏப்பம்கூடக் கேட்கவில்லை. பறித்த மண்ணில் புல் முளைத்துக் கிடந்தது. இளசு ஒன்று வந்து எட்டிப்பார்த்தது. அதைச் சுட்டால் கறுப்பன் கலைந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். மழை வேறு கழுத்து வழியாக இறங்கி இடுப்பு வரை போனது. மாதம் முடிகிற வரை இலவு காத்த கிளியாகக் கிடந்தேன்.

கடைசி ஞாயிறு அன்று, கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த விவசாயியிடம் கேட்டேன். அந்தக் கிழிந்த காது கறுப்பனை இந்தப் பக்கம் பார்த்தீர்களா?

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அதைத்தான் போன வருடமே உன் சகலை சுட்டுவிட்டாரே, ஓடையிலிருந்து வெளியே இழுக்க நான்தான் பைக் கொண்டுபோனேன், உனக்குத் தெரியாதா என்றார். நாய் வந்து என் சட்டையை முகர்ந்துவிட்டு, சுவாரஸ்யமில்லாமல் திரும்பிப் போனது.

நேராக ஹில்ஸ்பரோவுக்கு வண்டியை விட்டேன். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. சகலை என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்றார். முட்டியெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது.

"எங்க அது?"

அவர் கராஜுக்குப் போய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய கொம்பை எடுத்து வந்தார். பிரித்துக் காட்டினார். நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"நாயி உன்ன நக்குச்சாம்ல, அதுக்கு அடுத்த வாரம். இப்படி வந்து நின்னான், சுட்டுட்டேன்."

"ஏன் சொல்லல? ஹால் போட்டுச் சொல்ற ஆள்தான நீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்." தரையைப் பார்த்தார். "என் வீட்டுக்காரி போன்ல தங்கச்சிகிட்ட சொல்லிட்டா. உன் வீட்டுக்காரிதான் அழுதா. சொல்லாதீங்க, சொன்னா ஜென்மத்துக்கும் பேச்சு வார்த்தை இருக்காதுன்னு. அப்புறம் இது எதுக்கு எனக்கு? எடுத்துட்டுப் போ."

மதினி காப்பியோடு வந்து நின்றாள். இருவர் முகத்திலும் இருந்தது பரிதாபம். அந்த ஹாலில் சிரித்தவர்களைக்கூட என்னால் தாங்க முடிந்தது, இதைத் தாங்க முடியவில்லை. கொம்பையும் தொடாமல், காப்பியையும் தொடாமல் கிளம்பினேன். என் வாழ்நாளில் ஒரு மனிதரை அவ்வளவு வெறுத்ததில்லை. அவர் எனக்குக் கெடுதல் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வீட்டில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வருவதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"ஒரு மாசம் மழையில கெடந்தேன். செத்துப்போன மானுக்கு. நீ டிபன் கட்டிக் குடுத்து அனுப்பிவிட்டே!"

"ஆமா."

"எப்படி மனசு வந்துச்சு?"

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "மூணு வருஷம் உயிரோட இருந்த மானத் தேடிப் போனீங்க. இந்த வருஷம் செத்த மானத் தேடிப் போனீங்க. எனக்கு என்ன வித்தியாசம்? எல்லா ஞாயித்துக்கிழமையும் நான் இங்க தனியாத்தான் கெடந்தேன். இந்த வருஷமாவது போன் பண்ணா எடுக்க அக்கா இருந்தா."

நாலு வருடமாக வைத்திருந்த வசவுகள் எல்லாம் சகலைக்காகச் சேர்த்தவை. அவளிடம் சொல்ல ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். சேற்று பூட்ஸோடு கார்ப்பெட்டில் காலை வைத்திருந்ததை அவள் பார்த்தாள். போன் மறுபடி அடித்தது.

"வந்துட்டாருக்கா" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே. "இல்ல, கத்தல. சும்மா உக்காந்திருக்காரு."