சொட்டுத் தண்ணீர் விடக் கூடாத பாத்தி

தெருவே அவளைப் பைலட் என்றுதான் கூப்பிட்டது. ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வேளாண்மை ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? ஆராய்ச்சி இதுதான்: தாகம் எடுத்த செடிக்கு உடம்பு சுடும். மேலே பறக்கிற வெப்பக் கேமரா அந்தச் சூட்டைச் சிவப்பாகவும் ஈரத்தை நீலமாகவும் காட்டும். எந்தச் செடி கேட்கிறதோ அதற்கு மட்டும் தண்ணீர் விடலாம். இதை நிரூபிக்கத் தாகத்தில் தவிக்கிற பாத்தி ஒன்று வேண்டும். சித்தப்பாவின் மக்காச்சோளக் காட்டில் ஒரு பாத்தியைக் கேட்டு வாங்கி, கயிறு கட்டி, 'சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது' என்று பலகை நட்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

போன பருவத்தை மழை கெடுத்தது. இந்த முறையும் கோட்டைவிட்டால் பல்கலைக்கழகம் அவள் பதிவையே ரத்து செய்துவிடும். ஆராய்ச்சியை வழிநடத்தும் நெறியாளரோ, "ஒரு சொட்டு போச்சுன்னாலும் உன் ஆராய்ச்சி குப்பைதாம்மா" என்று போனில் கடித்துக் குதறினார். ஆனால் கேமராப் படத்தைப் பார்த்தால், காட்டிலேயே கொழுகொழுவென்று இருந்தது அந்தப் பாத்திதான்!

ட்ரோனைக் காவலுக்குப் பறக்கவிட்டாள். முதலில் சிக்கியது சித்தி, கையில் வாளியோடு.

"பாத்திரம் கழுவின தண்ணிடி. அதெல்லாம் கணக்குல வருமா?"

அடுத்தது சித்தப்பா.

"நான் எங்க ஊத்தினேன்? வாய் கொப்பளிச்சேன்."

"பாத்தி முழுக்கவா சித்தப்பா?"

"பல் கூச்சம்."

மூன்றாவது ஆள் ஒட்டும் உறவும் இல்லாத தபால்காரர். "பலகையைப் படிச்சேம்மா, மனசு கேக்கல" என்றார். பலகைதான் ஆள் சேர்க்கிறது என்று அதைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல ஆட்கள் வந்து, பாத்தியின் உடல்நிலையை விசாரித்துவிட்டு, "அது என்னம்மா தப்பு பண்ணுச்சு?" என்று அவளிடமே கேட்டார்கள். பேட்டரி தீர்ந்து ட்ரோன் இறங்குகிற நேரத்தைக்கூடச் சித்தி தெரிந்துவைத்துக்கொண்டாள். மேலே சத்தம் நின்றால் கீழே வாளி கிளம்பும்.

கடைசியில் பைலட் குழாய் வால்வைப் பூட்டினாள், வீட்டு வாளிகளைப் பறிமுதல் செய்தாள், பாத்தி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேவிட்டாள். இலைகள் சுருண்டன. படம் செக்கச்செவேலென்று வந்தது. "வாடிடுச்சு! வாடிடுச்சு!" என்று துள்ளிக் குதித்தாள். சித்தி சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். பைலட் செடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

நெறியாளர் வந்தார். அவர் கண்ணெதிரில் ஒரு தடவை பறக்கவிட்டு, அறிக்கையில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். மனிதர் படு கறார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நீ மெஷினை ரெடி பண்ணு. நான் பாத்தியப் பாத்துட்டு வரேன்" என்று சோளத்துக்குள் போனார்.

கொட்டகை நிழலிலிருந்து அவள் ட்ரோனை ஏவினாள். சித்தப்பாவும் சித்தியும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள், பிடிபட்ட பழைய குற்றவாளிகள் ஆயிற்றே. திரையில் பாத்தி சிவப்பாக விரிந்தது. அதன் நட்டநடுவில் பளிச்சென்று ஒரு நீலம்.

"நாங்க இங்கதான் நிக்கிறோம்" என்றாள் சித்தி அவசரமாக.

பைலட்டுக்கு இரண்டு பருவ உழைப்பு ஒரு பொட்டு நீலத்தில் போகப்போகிறதே என்று அழுகை வந்தது. நெறியாளர் சோளத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"ஈரம், சார்." வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு செடி. இப்பதான் யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. அதைக்கூடக் கேமரா பிடிச்சிடுச்சு."

"எவ்வளவு ஊத்தியிருக்காங்க?"

அவள் படத்தைப் பெரிதாக்கி, நீலத்தின் அகலத்தை அளந்தாள்.

"அரை பாட்டில் இருக்கும், சார்."

நெறியாளர் அறிக்கையை வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"முழு பாட்டில்" என்றார், தலையைத் தூக்காமல். "திருத்திக்கோ."