எது இரண்டாவது டிஸ்க்?

போன திங்கட்கிழமை ஒரு பெண் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். தப்பாக நினைக்காதீர்கள்... பிடிக்காமல் விட்டிருந்தால், குன்னூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை அன்று முழுக்க முடங்கியிருக்கும்.

நான் அங்கே ரெக்கார்ட் செக்ஷன் பொறுப்பாளர். நோயாளிகளின் விவரம் எல்லாம் ஒரே சர்வரில்தான். அதற்குள் நான்கு டிஸ்க்குகள். ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் சமாளித்துக்கொள்ளும். இன்னொன்றும் போனால்? அவ்வளவுதான் — மொத்தமும் படுத்துவிடும்.

அன்று காலை சர்வரிலிருந்து மெயில்: 'டிஸ்க் 2 பழுது'. கூடலூரில் இருக்கும் சர்வீஸ் இன்ஜினியர் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். கொட்டும் மழையில் பஸ் பிடித்து, புது டிஸ்க்கை டப்பாவோடு ஷாலில் சுற்றி எடுத்துக்கொண்டு மதியம் வந்து சேர்ந்தார்.

"சர்வரை நிறுத்திடலாமா?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கேஷுவாலிட்டி சிஸ்டரின் போன்.

"சார், எஸ்டேட்ல இருந்து ஒரு அம்மாவைக் கொண்டாந்திருக்காங்க. கால்ல புண்ணு, நல்ல காய்ச்சல். பேச முடியலைங்க. ஏதோ மருந்து ஒத்துக்காம போன வருசம் இங்கதான் இருந்தாங்களாம். எந்த மருந்துன்னு பாத்துட்டு இருக்கோம். சிஸ்டத்தை ஆஃப் பண்ணிராதீங்க."

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

"நிறுத்த வேண்டாமுங்க சார். ஓடறப்பவே மாத்தலாம். அதுக்குத் தகுந்த மாதிரிதான் செஞ்சிருக்காங்க" என்று லேப்டாப்பைத் திறந்தார்.

சும்மா நிற்க முடிந்ததா என்னால்? மெயிலைப் படித்தவன் ஆயிற்றே... "நான் எடுத்துத் தர்றேன்" என்று இரண்டாவது டிஸ்க்கின் பிடியில் கை வைத்தேன். அப்போதுதான் ஜெசிந்தா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அது நல்ல டிஸ்க்குங்க சார்."

"மெயில்ல ரெண்டுன்னுதானே இருந்துச்சு?"

"மெஷின் சைபர்ல இருந்து எண்ணுமுங்க. சைபர், ஒண்ணு, ரெண்டு. அதுக்கு ரெண்டுன்னா நமக்கு மூணாவது."

சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. லேப்டாப்பில் எதையோ தட்டினார். ஒரு டிஸ்க்கின் விளக்கு மட்டும் மினுக்கத் தொடங்கியது.

"எது மினுக்குதுங்க?"

"மூணாவது."

"இப்ப நீங்களே எடுங்க."

"வேண்டாங்க மேடம். மறுபடி தப்பாயிடும்."

"ஆகாதுங்க சார். நான் பக்கத்துலதான் இருக்கேன்."

இழுத்தேன். வந்துவிட்டது. சர்வரின் மின்விசிறிகள் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே மறுபடி போன்.

"கெடச்சிருச்சு சார். பென்சிலின் ஆகாதுன்னு இருக்கு. டாக்டர் வேற மருந்து போட்டுட்டாருங்க."

புது டிஸ்க்கை ஜெசிந்தா உள்ளே தள்ளினார். 'டிக்' என்று உட்கார்ந்தது. மற்ற மூன்றிலிருந்தும் விடுபட்ட விவரங்களைக் கணக்குப் போட்டு அது தன்னை நிரப்பிக்கொள்ளச் சாயங்காலம் ஆனது. வெளியே ஓபி வரிசையில் இருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியாது. டோக்கன் நம்பர்கள் தம் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. எல்லாம் சரிபார்த்துவிட்டு, கேன்டீனில் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டு, ஜெசிந்தா பஸ் ஏறினார்.

மறுநாள் வார்டுப் பக்கம் போனேன். அந்த எஸ்டேட் அம்மா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி டீயில் தூள் சரியில்லை என்று சிஸ்டரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்... கேட்கவே நன்றாக இருந்தது.

ஒன்று மட்டும் புரிந்தது: 'தெரியாது' என்று சொல்ல வாய் வராதபோதுதான் கை முந்திக்கொள்கிறது.